எந்த அக்கா?

சட்டம் நல்ல சட்டம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ சட்டத்தையே திட்டுகிறவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை அடித்தால், சீண்டினால், பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தால் பள்ளிக்கூடம் விசாரித்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து வந்து குடியேறிய பிள்ளை என்றால் அதன் சொந்த மொழியிலேயே விசாரிக்க வேண்டும். மொழிபெயர்க்க வெளியாள் வர வேண்டும், வீட்டு ஆட்கள் கூடாது. பிள்ளையைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும், பெற்றவர்கள் பக்கத்தில் நின்று கண்ணை உருட்டக் கூடாது. யார் செய்ததென்று பிள்ளை சொல்கிறதோ அந்த ஆளை உடனே அதனிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் யோசித்து எழுதினது. எழுதினவர்களுக்கு ஒரு கும்பிடு. அதை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்துத்தான் என் பெரிய மகளைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு, ஒரே பள்ளிக்கூடம். நாங்கள் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார், கடை கடையாகச் சாமான் இறக்குகிற வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் இந்த ஊர் மொழி கடைக்குப் போய் வரவும் லீவு கேட்கவும்தான் காணும். மிச்சத்துக்கெல்லாம் பெரியவள். டாக்டரிடம், பாங்கில், வீட்டுச் சொந்தக்காரரிடம், எங்கே போனாலும் அவள்தான் எங்களுக்கு வாய். சின்னவளுக்கோ அவள் இல்லாமல் ஒன்றும் ஓடாது. தலை பின்னிவிடுவது அவள், பாடம் சொல்லிக்கொடுப்பது அவள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துத் தான் வெளிப்பக்கம் உட்கார்ந்து காவல் காப்பதும் அவள்.

ஒரு நாள் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். முகமெல்லாம் தூசி. பெரியவள் முகம் கழுவிவிடக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரே அலறல், கதவைச் சாத்தாதே, கதவைச் சாத்தாதே என்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினோம். இடைவேளையில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குள்ளே அவளைத் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்களாம். பெரிய கிளாஸ் பெண்கள் இரண்டு பேர். மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு விளையாட்டு வாத்தியார் பந்து எடுக்க வந்து திறந்திருக்கிறார். கண்ணாமூச்சி ஆடுகிறாள் என்று நினைத்து, மணி அடித்தது கேட்கவில்லையா என்று திட்டி அனுப்பினாராம்.

வெகுநாளாகவே நடந்துகொண்டிருந்திருக்கிறது. இவள் பேசுவதுபோல் பேசிக்காட்டுவது, பென்சில் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு "கெஞ்சு, தர்றோம்" என்பது. இவளும் கெஞ்சியிருக்கிறாள்.

"அம்மா, இதுக்குச் சட்டம் இருக்கு," என்றாள் பெரியவள். "ஸ்கூல் சுவர்லயே ஒட்டியிருக்காங்க. நாம போய்ச் சொன்னா அவங்க விசாரிச்சே ஆகணும்."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். "வந்த இடத்துல நமக்கு எதுக்கு வம்பு? ரெண்டு நாள் போனா அதுங்களே சேர்ந்துக்கும்."

"வந்த இடத்துல நம்ம பிள்ளையை உள்ள தள்ளிப் பூட்டுவாங்க. எதுக்குப் பூட்டினீங்கன்னு கேட்டா அது வம்பா?" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

மறுநாள் சலவைப் பிரிவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து ஆபீசுக்குப் போனேன். இந்த மாதிரிப் புகார்களைப் பார்க்கவென்றே ஒரு டீச்சரைப் போட்டிருக்கிறார்கள். வெள்ளை முடி, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி, மெதுவான குரல். எங்கள் வீட்டில் அவருக்குப் பாதுகாப்பு டீச்சர் என்று பேர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். நல்லவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

பெரியவள் வாயைத் திறந்ததுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குடும்பத்தில் இருக்கிற பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது, அது பிள்ளைக்குப் பாரம், சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டார். போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. "வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றதை அப்படியே அவங்களுக்குச் சொல்லுவேன், அவங்க சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்லுவேன்." அப்படியே என்ற சொல்லை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் என்னையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். சின்னவள், பாதுகாப்பு டீச்சர், அந்த போன், மூன்றும் உள்ளே. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் போட்டிருந்ததால் எனக்கும் புரிந்தது. அழுகிற ஒரு பிள்ளை, கை நீட்டுகிற ஒரு டீச்சர், சிரிக்கிற ஒரு பிள்ளை. மூன்றாவது படத்தில் சிரிக்கிறது முதல் படத்துப் பிள்ளைதானா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

உள்ளே கூப்பிட்டபோது டீச்சரின் முகம் மாறியிருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் ஏகப்பட்ட இரக்கம். அவர் சொன்னதை போன் தமிழில் சொன்னது. "உங்க மகள் ரொம்பத் தைரியமாப் பேசினா. யார் செஞ்சாங்கன்னு தெளிவாச் சொல்லிட்டா. செஞ்சது அவளோட அக்கா."

"எந்த அக்கா?" என்றேன்.

போன் அதை மொழிபெயர்த்தது. டீச்சர் இரக்கத்தோடு கேட்டார், போன் சொன்னது. "அவளுக்கு எத்தனை அக்கா இருக்காங்க?"

"ஒரே அக்காதான்."

"அப்போ அவங்கதான்."

"அய்யோ, அது இல்லைங்க. எங்க பேச்சுல பெரிய பொண்ணுங்க எல்லாருமே அக்காதான்," என்றேன்.

போன் மொழிபெயர்த்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குப் பெரிய பொண்ணுங்க எத்தனை பேர்? எங்ககிட்ட ஒருத்தர்தான்னு இருக்கு."

"எனக்குப் பெரிய பொண்ணு ஒண்ணுதாங்க. நான் சொல்றது ஊர்ல இருக்கிற பெரிய பொண்ணுங்க."

"ஊர்ல இன்னும் மகள்கள் இருக்காங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த போனைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலவும் வந்தது. போனிடமே பேசினேன். "அம்மா, உங்களுக்குத் தமிழ் தெரியும்ல? நீங்க யாரையும் அக்கான்னு கூப்பிட்டதே இல்லையா? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

அந்தப் புண்ணியவதி அதையும் அப்படியே டீச்சருக்கு மொழிபெயர்த்தாள். உங்களுக்குத் தமிழ் தெரியும்ல என்பதுவரை. டீச்சர் தலையை ஆட்டி மென்மையாக ஏதோ சொன்னார். "மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லக் கூடாது, சொன்னதை மட்டும்தான் சொல்லணும்னு டீச்சர் சொல்றாங்க. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது," என்றது போன். நேரம் முடிந்துவிட்டதாம், வைத்துவிட்டார்கள். பெற்றவள் பெரிய மகளைக் காப்பாற்றப் பார்க்கிறாள் பாவம் என்று டீச்சர் நினைத்துவிட்டார். என் கையைத் தட்டிக்கொடுத்து வழியனுப்பினார்.

சட்டம் அன்றைக்கே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆறு மாதமாகக் குழாய் ஒழுகுகிறது என்றால் திரும்பிப் பார்க்காத பள்ளிக்கூடம், இதில் பறந்தது. பெரியவளுக்கு இடைவேளை வேறு நேரம். சாப்பாட்டு மேஜை வேறு. வாசல் வேறு. பஸ் வேறு. முதல் பஸ் சின்னவளுக்கு, இரண்டாவது பஸ் பெரியவளுக்கு. வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு அவள் நடத்தை வகுப்புக்குப் போக வேண்டும், அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வது எப்படி என்று கற்றுக்கொள்ள. என் பெரியவளுக்கு. எங்கள் நாலு பேர் மனசையும் இரண்டு மொழியில் சுமந்துகொண்டு திரிகிறவளுக்கு.

"வீட்டுல என்ன பண்றது?" என்று போய்க் கேட்டேன். வீடு எங்கள் அதிகாரத்தில் வராது என்றார்கள். ஆக, இரவில் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொள்ளலாம், ஒரே சீப்பில் தலை வாரலாம், ஒரே பஸ்ஸில் ஏறினால்தான் ஆபத்து.

பெரியவள் அன்று சாயங்காலம் சாப்பிடவில்லை. சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் பூட்டினேன்னு சொன்னியாடி?"

"நீன்னு சொல்லவே இல்ல. அக்கா பூட்டினாங்கன்னுதான் சொன்னேன்," என்று அழுதாள் சின்னவள்.

இதோ பாருங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. தன் அக்காவாக இருந்திருந்தால் 'அக்கா பூட்டினா' என்றிருப்பாள். பூட்டினாங்க என்றால் அது வெளியாள். தமிழ் பேசுகிற எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். வீட்டு அக்காவை வாடி போடி என்பாள், தலைமுடியைப் பிடித்து இழுப்பாள், மரியாதையெல்லாம் மற்ற அக்காக்களுக்குத்தான். அந்த 'ங்க' மேஜைக்கு இந்தப் பக்கம் கிளம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் போனில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. என் மகளின் மானமும் அதோடு போய்விட்டது. பெரியவள் அவர்கள் மொழியிலேயே இதைப் போய்ச் சொன்னாள்; புகாரில் பேர் இருக்கிறவள் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம், அதுவும் சட்டம்.

மறுநாளிலிருந்து சின்னவள் தனியாக முதல் பஸ்ஸில் போனாள். அந்த இரண்டு பெண்களும் அதே பஸ்தான். முன்னெல்லாம் பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பஸ்ஸில் மட்டும் அவர்கள் கிட்டே வரமாட்டார்கள். இப்போது சட்டமே அந்த இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டது. அவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு இவளை நடுவில் நசுக்கிக்கொண்டே வந்தார்கள். இவள் அவர்களை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக் கெஞ்சுவதைக் கேட்டுக் கேட்டு அதையே இவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். என்ன அர்த்தம் என்று தெரியாமலே, கோழி கொக்கரிக்கிற மாதிரி கழுத்தை நீட்டி நீட்டி அக்கா-அக்கா-அக்கா என்று பஸ் முழுக்கக் கத்துவார்களாம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவைச் சாத்தப் பயந்து சின்னவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஒரு நாள் அப்படியும் அடக்க முடியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்தாள். பெரியவள் அதைத் துவைத்துப் போட்டுவிட்டு, தன் நடத்தை வகுப்புக்கான பாடத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். "தவறை ஒப்புக்கொள்வது எப்படி" என்று தலைப்பு.

சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பை இரண்டு பேராக மடிப்போம். இந்த முனை நான், அந்த முனை இன்னொரு நாட்டுக்காரி. அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது இந்த ஊர் மொழியில் ஐம்பது வார்த்தை. அந்த ஐம்பதை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். நாங்களும் பக்கத்து வீட்டுப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம் என்று தன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள். இஸ்திரி மெஷினில் நிற்கிறவள் திரும்பி, தன் நாட்டிலும் அப்படித்தான் என்று இன்னொரு வார்த்தை சொன்னாள். ஆஸ்பத்திரி அழுக்குத் துணிக்கு நடுவில் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. புரியவேண்டிய ஒரே இடத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. அதுவும் சட்டத்தில் இருக்கிறது, அதில் எல்லாமே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் நேரில் வருவார், பெற்றவர்களில் ஒருவர் உள்ளே உட்காரலாம், பிள்ளை பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். "நான் போறேன், நீ இரு. உன் வாய் சும்மா இருக்காது," என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க போனா உங்க வாய் திறக்கவே திறக்காது," என்று நான் போனேன்.

வாசலில் ஒரு பெண் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சின்ன வயசுதான், முப்பது இருக்கலாம். வணக்கம்மா என்றதும் குரல் தெரிந்துவிட்டது.

"நீங்கதானே அது?" என்றேன். "ஏம்மா, நல்லாத் தமிழ் பேசுறீங்க. என் பிள்ளை சொன்னது உங்களுக்குப் புரியலையா?"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். "வெளிய நான் உங்ககிட்டப் பேசவே கூடாதும்மா. வேலை போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பூட்டினாங்கன்னு அவ சொன்னப்பவே புரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி தூங்கலை நான். ஆனா நானா விளக்கம் சொல்லக் கூடாது. அவங்க என்னைக் கேட்டாச் சொல்லலாம். யாரும் கேட்கலையே."

எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி எதைப் பொறுத்துக்கொள்வது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அறையில் பாதுகாப்பு டீச்சர், மொழிபெயர்ப்பாளர், சின்னவள், மூலையில் நான். பெரியவள் வெளியே நடைபாதையில், வேறு பெஞ்சில். டீச்சர் சின்னவளிடம் மெதுவாகக் கேட்டார். அன்றைக்குச் சொன்னாயே, அது யார், திரும்பவும் சொல்கிறாயா என்று. மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டாள். சின்னவள் பேசவே இல்லை. உதட்டை உள்ளே மடக்கிக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்தாள், வெளியே பெரியவள் இருக்கிற பக்கம். அந்த ஒரு வார்த்தையால்தான் இவ்வளவும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேறு வார்த்தையும் அவளிடம் இல்லை, அந்தப் பெண்களின் பேர்கூட அவளுக்குத் தெரியாது. பயந்துபோய் இருக்கிறாள் என்று டீச்சர் குறித்துக்கொண்டார். யாரைப் பார்த்துப் பயம் என்று நினைக்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

நான் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த ஐம்பது வார்த்தையில் இரண்டை எடுத்து, "அவளைக் கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரைக் காட்டினேன். டீச்சர் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார். இன்னொரு தடவை என்றால் வெளியே அனுப்புவேன் என்றார். நான் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

திரும்பத் திரும்பக் கேட்டார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு நாக்கு வறண்டிருக்க வேண்டும். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, தண்ணி," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அப்படியே சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. "என் மூத்த சகோதரியே, தண்ணீர்."

டீச்சர் பேனாவை வைத்தார். முகமெல்லாம் கனிவு. "உன் அக்கா இங்க இல்லம்மா. உள்ள வரமாட்டாங்க. பயப்படாதே," என்றார். அது தமிழில் வந்தது.

சின்னவள் குழம்பிப்போய் மொழிபெயர்ப்பாளரின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "நீங்கதானே அக்கா?"

அதையும் அப்படியே சொன்னாள்.

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். கனிவெல்லாம் போய்விட்டது. "நீங்க இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமா?" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாதே, அது சட்டமாயிற்றே. அவ்வளவு புரியும் எனக்கு.

"இல்லை."

"அப்புறம் எதுக்கு இவ உங்களை அக்கான்னு கூப்பிடுறா?"

கேட்டுவிட்டார். மொழிபெயர்ப்பாளர் மூச்சை இழுத்துவிட்டாள். "இது நீங்க என்கிட்ட நேரடியாக் கேட்கிற கேள்விதானே? அப்போ நான் பதில் சொல்லலாம்," என்றவள் நிறுத்தவே இல்லை. முழுக்க அவர்கள் மொழியில்தான் சொன்னாள், ஆனாலும் எனக்கு ஒவ்வொன்றும் புரிந்தது. நடுநடுவே 'பூட்டினா' என்றாள், 'பூட்டினாங்க' என்றாள், ஒரு விரலை உள்ளே காட்டினாள், ஒரு விரலை வெளியே காட்டினாள். டீச்சரின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. எழுந்துபோய் அவரே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து சின்னவளிடம் கொடுத்தார்.

பிறகு கேட்டார், உனக்கு எத்தனை அக்கா என்று. சின்னவள் விரல் விட ஆரம்பித்தாள். வீட்டு அக்கா, மாடி வீட்டு அக்கா, பஸ்ஸில் டிக்கெட் பார்க்கிற அக்கா, சாப்பாடு போடுகிற அக்கா, இந்த அக்கா. ஒரு கை தீர்ந்துபோனது. "பூட்டினது?" என்றதும் விரலை மடக்கிக்கொண்டாள். "பச்சைப் பை வச்சிருக்கிற அக்கா. இன்னொருத்தங்க அவங்க கூட வர்ற அக்கா."

"உள்ள தள்ளிப் பூட்டினவங்களை ஏன் அக்கான்னு கூப்பிடுறே?" டீச்சருக்கு அதுதான் ஆச்சரியம்.

"பெரியவங்களை அப்படித்தானே கூப்பிடணும்," என்றாள் சின்னவள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? டீச்சர் என் பக்கம் திரும்பி, ரொம்ப வருத்தப்படுகிறேன் என்றார். பெரியவள் மேல் இருக்கிற புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார்.

"கொடுக்காத புகாரை நான் எப்படிங்க வாபஸ் வாங்குறது?" என்றேன். இப்போது பேசலாம், பிள்ளை பேசி முடித்துவிட்டாள். "நான் வாபஸ் வாங்கினேன்னு போட்டா, பொண்ணைக் காப்பாத்த அம்மா மூடி மறைச்சான்னுதானே நாளைக்கு எவனும் சொல்லுவான்? எங்க தப்பு இல்லை. உங்க தப்புன்னு போடுங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னாள். இந்தத் தடவை அப்படியே சொன்னதற்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. தப்பு என்று போட அந்த விதியில் இடம் இல்லை என்றார் டீச்சர். இடம் இருக்கிற விதியைத் தேடுங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். உட்கார்ந்தேன். யார் யாருக்கோ போன் போனது. சலவைப் பிரிவில் என் முனையை அன்றைக்கு யார் பிடித்தார்களோ தெரியவில்லை. கடைசியில் 'பள்ளியின் தவறான புரிதலால் பதிவானது, ரத்து' என்று எழுதிக் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

பச்சைப் பைக்காரியும் கூட வருகிறவளும் இரண்டாவது பஸ்ஸுக்குப் போனார்கள். நடத்தை வகுப்புக்கும் அவர்கள் போகட்டும் என்று ஆனது. பெரியவளை டீச்சரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கிளம்பும்போது எனக்கு ஒரு யோசனையும் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான். இனிமேல் யாராக இருந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள், அதுதான் பாதுகாப்பு என்று. சின்னவள் பக்கத்தில் நின்று, மொழிபெயர்ப்பாளர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். நானும் வேலைக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ் வந்தது. சின்னவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெரியவள் கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு இடம் தேடினாள். சின்னவள் அவளைக் கூப்பிட்டாள், பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் வாயில் வராத பேர், மொட்டையாக, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி.

பெரியவள் அப்படியே நின்றாள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் வந்தது. ஜன்னலைத் தட்டினேன். "ஏய், யாரைடி பேர் சொல்றே? அக்கான்னு கூப்பிடு."

சின்னவள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள். கத்தக் கூடாது என்பதுபோல் என்னிடம் மெல்லத்தான் சொன்னாள்.

"வேணாம்மா. அப்படிச் சொன்னா இவளைப் பிடிச்சுக்குவாங்க."

பெரியவள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரவாயில்லை, போங்க என்று எனக்குக் கையைக் காட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது. நான் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று தெரிந்தும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.